எழுத்து மட்டுமே காட்டும் கன்சோல் திரைக்கு நான் எழுதும் உரைத்திருத்தியில் மேலும் கீழும் போனால் கர்சர் தன் இடத்தை மறந்துவிடுகிறது. என்ன செய்வது?

கல்லூரிப் புராஜெக்ட்தானே? சம்பளத்துக்கு வேலை செய்பவர் யாரும் இதை அடியிலிருந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டார். நீள வரியின் இருபதாவது கட்டத்தில் நின்று கீழ் அம்புக்குறியை அழுத்தினால், ஐந்தெழுத்தே உள்ள அடுத்த வரியில் கர்சர் அந்தரத்தில் தொங்குகிறது. அதை வரிக் கடைசிக்கு இழுத்தால், மறுபடி நீள வரிக்குப் போகும்போது இருபதுக்குத் திரும்ப மறுக்கிறது. நான் மூன்று வாரம் முட்டிக்கொண்ட சுவர் இது.

2011ஆம் ஆண்டின் கடைசி. வீடு கடலூர் முதுநகர், டிப்ளமா படிப்பு புதுச்சேரியில். என் திருத்தியை எழுதியது டர்போ சியில், சி மொழியில் நிரல் எழுதும் மென்பொருள் அது. (அப்போதே அது கிழடு என்று எனக்கும் தெரியும். ஆய்வகத்தில் அதுதான் இருந்தது, சண்டைக்கு வராதீர்கள்.) டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் எங்கள் இரண்டு ஊர்களுக்கும் நடுவே கரையேறியது. தெருவில் ஒரு மின்கம்பம்கூட நேராக நிற்கவில்லை. கணினிக்கு எங்கே போவது?

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நாலைந்து வரி எழுதி, ஒரு புளியங்கொட்டையைக் கர்சராக வைத்து நகர்த்திப் பார்த்தேன். "படிக்கிறான் என்று பார்த்தால் பல்லாங்குழி ஆடுகிறான்" என்றார் அம்மா. கொட்டை குட்டி வரிக்கு இறங்கி மேலே ஏறும்போதெல்லாம் எங்கிருந்து கிளம்பியது என்று எனக்கே மறந்தது. எட்டாவது படித்த தங்கை அலுத்துப்போய், "மேல் விளிம்பில் இன்னொரு கொட்டையை வைத்துக்கொள்ளேன், அண்ணா" என்றாள்.

அந்த இரண்டாவது கொட்டைதான் உங்கள் நிரலில் இல்லை. கர்சர் இப்போது நிற்கும் கட்டம் ஒரு மாறி (நிரல் ஒரு மதிப்பை நினைவில் வைக்கும் இடம்). அது நிற்க விரும்பும் கட்டம் இன்னொரு மாறி. மேல், கீழ் அம்புக்குறிகள் விருப்பக் கட்டத்தைத் தொடவே கூடாது. வரியை மாற்றிவிட்டு, விருப்பக் கட்டம், அந்த வரியின் நீளம் இரண்டில் எது சிறியதோ அங்கே கர்சரை வையுங்கள். இடம், வலம் நகர்ந்தாலோ எழுத்தைத் தட்டினாலோ அழித்தாலோ மட்டும் விருப்பக் கட்டத்தைப் புதிய இடத்துக்கு மாற்றுங்கள். ஐந்தெழுத்து வரியில் கர்சருக்கு ஆறு இடம் உண்டு என்பதையும் மறக்காதீர்கள். கடைசி எழுத்துக்குப் பின்னாலும் அது நிற்க வேண்டும். (விஐ என்ற உரைத்திருத்தியின் கட்டளை நிலையில் அப்படி நிற்காதே என்று யாராவது வருவார்கள். கேட்டவர் விஐ எழுதவில்லை.)

திரையில் வைப்பது தனிக் கதை. டர்போ சியில் கர்சரைத் திரையில் வைக்கும் கோ-டு-எக்ஸ்ஒய் கட்டளை, கட்டத்தை முதலிலும் வரியைப் பிறகும் கேட்கும், இரண்டையும் 1இலிருந்து எண்ணும். வரிகளை வைத்திருக்கும் உங்கள் அணியோ 0இலிருந்து எண்ணும். லினக்ஸ் முனையத்துக்கு (அதன் கன்சோல் திரைக்கு) கர்சரை நகர்த்தச் சொல்லி அனுப்பும் எஸ்கேப் தொடரில் வரிதான் முதலில். திரை உருண்டிருந்தால், கோப்பின் வரி எண்ணிலிருந்து திரையின் உச்சியில் தெரியும் வரியின் எண்ணைக் கழிக்க வேண்டும். 25 வரித் திரையில் இதை விட்டுவிட்டு இரண்டு நாள் தொலைத்தேன்.

அதுவும் மின்சாரம் வந்த பிறகு. பக்கத்துத் தெருவில் எட்டாம் நாளே விளக்கு எரிந்தது. எங்களுக்கு இருபதாம் நாள். கேட்டால் "பட்டியல்படிதான் வருகிறோம்" என்றார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து ராத்திரி பகலாகக் கம்பம் நட்டவர்களை நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். அந்தப் பட்டியலை எழுதிய புண்ணியவானை மட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்யும் ஆசை இருந்தால் இப்போது வேண்டாம். "கடலூர்" நமக்கு நாலு எழுத்து. யூனிகோடுக்கு ஆறு குறி. அதைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 18 பைட். கர்சர் எதை எண்ணி நகர வேண்டும்? முதலில் ஆங்கிலத்தில் ஓடவிட்டுவிட்டு, அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள்.