டீச்சர் தேர்தலில் நிற்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளியில் ஆரம்ப வகுப்பு ஆசிரியை நான். வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறேன். அதன்பிறகு வார்டு உறுப்பினர் தேர்தலில் நிற்கச் சொல்லிப் பெற்றோர்கள் வற்புறுத்துகிறார்கள். அமெரிக்க அரசியல்வாதி ஷெர்லி சிஷோம் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். குழந்தைகளோடு இருந்தவர் ஏன் அரசியலுக்குப் போனார்? கடைசியில் தோற்றுத்தானே போனார்? பள்ளியிலேயே இருந்திருந்தால் இன்னும் நிறையக் குழந்தைகளுக்கு உதவியிருக்கலாமே? அரசியல் சாக்கடை என்கிறார் என் கணவர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பெயர் வெளியிட வேண்டாம்.

– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

உங்கள் தெருச் சாக்கடையைத் தூர்வார வைப்பதும் வார்டு உறுப்பினரின் வேலைதான். இதைக் கணவரிடம் சொல்லிவிடுங்கள், அந்தப் பேச்சு அதோடு முடியட்டும்.

தோல்வியைப் பற்றியும் நீட்ட ஒன்றுமில்லை. ஜெயிக்க மாட்டோம் என்று தெரிந்துதான் 1972இல் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் சிஷோம் இறங்கினார். எல்லோரும் அந்த ஒரு வருஷத்தையே பேசுகிறார்கள். எனக்கு அவர் நடத்திய பகல்நேரக் குழந்தைகள் காப்பகம்தான் முக்கியம்.

ஐம்பதுகளில் நியூயார்க்கில் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் வரும் ஒரு காப்பகத்துக்கு அவர் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அப்புறம் நகர நிர்வாகத்தின் காப்பகப் பிரிவில் ஆலோசகர். காப்பகம் நடத்துகிறவருக்குப் பிள்ளையின் படிப்புக்கு முன்னால் தெரியவருவது அம்மாவின் வேலை நேரம். எத்தனை மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாள், எத்தனை மணிக்கு முதலாளி அவளை அனுப்புவார், காய்ச்சல் அடித்தால் லீவு கிடைக்குமா. இதில் எதையும் கரும்பலகையில் எழுதித் தீர்க்க முடியாது. சிஷோமுக்கு இது கேள்விப்பட்ட கதையும் அல்ல. அவருடைய அம்மா தையல் வேலையும் வீட்டு வேலையும் செய்தவர். சம்பாத்தியம் போதாமல் பெண் குழந்தைகளைக் கரீபியன் தீவான பார்படோஸில் பாட்டியிடம் அனுப்பிவைத்தார். 1934இல்தான் ஷெர்லி நியூயார்க் திரும்பினார்.

எங்கள் வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்க்க ஓர் அக்கா வருவார். அவர் மகள் என்னோடு படித்தாள், கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. எட்டாம் வகுப்பில் நின்றுவிட்டாள், கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எங்கள் டீச்சர் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேசினார், நானும் கூடப் போயிருந்தேன். "நீங்க பார்த்துக்கிறீங்களா டீச்சர் இவனை?" என்று கேட்டார் அந்த அக்கா. கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். டீச்சரிடம் பதில் இல்லை. ரொம்ப நல்ல டீச்சர் அவர். உங்களைப் போல.

பள்ளியிலேயே இருந்திருக்கலாமே என்று எழுதுகிறீர்களே, இருந்து என்ன செய்திருப்பார்? இத்தனை வருஷம் பாடம் எடுத்த நீங்கள் இதைக் கேட்கலாமா? உங்கள் வகுப்பில் திங்கட்கிழமை வராத பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியாதா?

அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1938இலேயே வந்துவிட்டது. வீட்டு வேலை செய்பவர்களை அதில் சேர்க்கவில்லை, விவசாயக் கூலிகளையும் சேர்க்கவில்லை. இந்த இரண்டு வேலையிலும் கறுப்பினத்தவர் ஏராளம். 1965இல் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போன சிஷோம், வீட்டு வேலை செய்பவர்களுக்கு வேலையிழப்பு உதவித்தொகை கிடைக்கப் போராடினார். 1969இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குள் நுழைந்தார். 1971இல் நாடு முழுக்கக் காப்பகங்கள் அமைக்க வழிசெய்த மசோதாவைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. குடும்ப அமைப்பு கெட்டுவிடும் என்கிற தொனியில் ஜனாதிபதி நிக்சன் அதைத் திருப்பியனுப்பினார். யாருடைய குடும்பம் என்று கேட்கத் தோன்றுகிறது! வீட்டு வேலை செய்பவர்களையும் சேர்த்த குறைந்தபட்சக் கூலி மசோதாவையும் 1973இல் அவரே தடுத்தார். மறுவருஷம் அது மறுபடி வந்தது, கையெழுத்துப் போட்டார். வீட்டு வேலை செய்யும் பெண்களும் சட்டத்துக்குள் வந்தார்கள். முப்பத்தாறு வருஷம் கழித்து!

அந்த மசோதாவுக்கு ஓட்டுத் திரட்ட, இனப் பாகுபாட்டை ஆதரித்த அலபாமா மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸின் உதவியும் சிஷோமுக்குக் கிடைத்தது. 1972இல் சுடப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த வாலஸை அவர் போய்ப் பார்த்தபோது சொந்த ஆதரவாளர்களே திட்டினார்கள். தெற்கு மாநில உறுப்பினர்களிடம் அவருக்காகப் பேசியவர் அதே வாலஸ். சாக்கடை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கியிருந்தால் அந்தப் பெண்களுக்குக் கூலி உயர்ந்திருக்குமா?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நில்லுங்கள். வார்டு உறுப்பினரால் கூலிச் சட்டம் போட முடியாது, தெரியும். அங்கன்வாடி எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, அங்கே தண்ணீர் வருகிறதா, கழிப்பறைக்குக் கதவு இருக்கிறதா என்று உட்கார்ந்து கேட்க முடியும். ஓய்வு பெறும்வரை பிரச்சாரம் எதுவும் வேண்டாம், அரசு ஊழியர் விதி உங்களுக்கே தெரியும். வார்டு யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் விசாரித்து வையுங்கள். அப்புறம், உங்கள் வீட்டில் வேலை செய்கிறவருக்கு வாரத்தில் ஒருநாள் லீவு உண்டா? அதைக் கடிதத்தில் எழுதவில்லையே.