எழுந்து நின்றாலும் ஆடாத படகு எது?

கேள்வி: நானும் அண்ணனும் ஏரியில் தூண்டில் போடுபவர்கள். எங்களுடைய 12 அடி படகு குறுகல், ஒருவர் எழுந்தாலே பயங்கரமாக ஆடுகிறது. 14 அடியில் வாங்கினால் ஆட்டம் குறையுமா? படகின் அடிப்பாகம் தட்டையாக இருந்தால் நல்லதா, வி வடிவில் இருந்தால் நல்லதா?

பதில்: நீளத்தை விடுங்கள், அகலத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் சாயாமல் தாங்கும் பலம் நீளத்தோடு சேர்ந்து அதே அளவுக்குத்தான் கூடும், ஆனால் அகலம் 4 அடியிலிருந்து 5 அடியானாலே அந்தப் பலம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அகலத்தையும் மேல் விளிம்பில் அளக்காதீர்கள், தண்ணீரைத் தொடும் மட்டத்தில் எவ்வளவு என்பதுதான் கணக்கு. மேலே விரிந்து கீழே ஒடுங்கிய படகு பார்க்கப் பெரிதாக இருக்கும், நின்றால் ஆடும்.

அடிப்பாகத்துக்கு வருவோம். அமைதியான நீரில் தட்டை அடி அசையாமல் நிற்கும், நின்றபடி தூண்டில் வீச அதுதான் வசதி. ஆனால் காற்று கிளம்பி அலை வந்தால் அடியில் படார் படாரென்று அறையும், அலை சாய்கிற பக்கமெல்லாம் படகும் சாயும். ஆழமான வி அலையைக் கிழித்துக்கொண்டு மெத்தென்று போகும், நிறுத்தி வைத்தால் இரண்டு பக்கமும் உருளும். உங்கள் ஏரி பெரிதா, திடீரென்று காற்று அடிக்குமா என்று நீங்கள் எழுதவில்லை. பெரிய ஏரி, காற்றும் அடிக்கும் என்றால் முன்னால் வி, பின்னால் போகப் போகத் தட்டையாகிற அடி உள்ளதை வாங்குங்கள். சின்னக் குளம் மாதிரி என்றால் தட்டையே போதும்.

வாங்குமுன் தண்ணீரில் இறக்கச் சொல்லி, கரையோரமாகவே, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஒரே பக்கம் மெதுவாக நகர்ந்து பாருங்கள், ஏனென்றால் பெரிய மீன் மாட்டினால் இருவரும் அப்படித்தான் ஒரே பக்கம் ஓடுவீர்கள். முதலில் கொஞ்சம் சாய்ந்து அப்புறம் உறுதியாக நின்றுவிட்டால் பயமில்லை, சாயச் சாய இலகுவாகிக்கொண்டே போனால் வேண்டவே வேண்டாம்.

உயரமான இருக்கை பொருத்தாதீர்கள். பேட்டரி, ஐஸ் பெட்டி எல்லாம் தரையோடு நடுவில் இருக்கட்டும். உள்ளே தேங்கும் தண்ணீரை உடனுக்குடன் இறைத்துவிடுங்கள், 50 லிட்டர் என்றால் 50 கிலோ, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். நங்கூரத்தை முன்பக்கத்தில் கட்டுங்கள். தாழ்வான பின்பக்கம் எஞ்சின் எடையில் ஏற்கெனவே அமிழ்ந்திருக்கும், அங்கே கட்டினால் அலை நேராக உள்ளே ஏறிவிடும்.