சிறையிலிருந்து விடுதலையாகி வருபவர்களுக்கு அக்கம்பக்கத்தார் உண்மையில் என்ன செய்ய முடியும்?

வில்லாபுரத்தில் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வேலை பார்க்கும் ஒருவர் பதினான்கு வருடம் மதுரை மத்திய சிறையில் இருந்தவர். ஆயுள் தண்டனை. அண்ணா பிறந்தநாளை ஒட்டி 700 ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விடுவிப்பதாக 2021 செப்டம்பரில் அரசு அறிவித்ததே, அதில் வெளியே வந்தவர். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே சொல்கிறேன்.

நம்ம பக்கம் வேலை கேட்டுப் போனாலும் வீடு கேட்டுப் போனாலும் முதல் கேள்வி, "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?" ஜெயிலில் இருந்து வந்தவர் அதற்குப் பதில் சொன்னால் விசாரிப்பார்கள், விசாரித்தால் கதை முடிந்தது. "நம்ம ஆளுதான், என்னைக் கேளுங்க" என்று சொல்ல ஒருத்தர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எனக்கு அப்படிச் சொன்னவர் இரும்பு ஏற்றி வரும் லோடு ஆட்டோக்காரர், அண்ணனின் தங்கை வீட்டுக்காரர். "ஒரு வாரம் பாருங்க, சரிப்படலைன்னா அனுப்பிருங்க" என்றார்.

உள்ளே அரசு அலுவலகங்களுக்குக் கவர் ஒட்டும் வேலை பார்த்திருக்கிறார். வெளியே அதற்கு யார் கூலி தருவார்கள்? துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடிக்கச் சொன்னேன். வேலையில் குறையே இல்லை. ஆனால் சாயங்காலம் ஐந்தரை ஆனால் போதும், தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, யாரிடமும் பேசாமல் சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்வார். உள்ளே அது லாக்கப் நேரம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நேரத்துக்கு டீ வாங்கி வரும் வேலையை அவரிடம் விட்டேன். முதல் நாள் வெறுங்கையோடு திரும்பிவிட்டார். கடையில் "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்று ஒரு பெட்டி கத்தியிருக்கிறது. யாரோ தன்னை அதட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

அப்புறம் பேப்பர் வேலை. ஆதார் வருவதற்கு முன்பே உள்ளே போன மனிதர். பிறகு எடுத்த ஆதாரில் செல் நம்பர் இல்லை. நம்பர் இல்லையென்றால் ஓடிபி இல்லை, ஓடிபி இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. இரண்டு வருடம் வரவு செலவு இல்லாவிட்டாலே பேங்க் கணக்கை முடக்கிவிடுவார்கள், இவருடையது பதினான்கு வருடம். இதற்கெல்லாம் தாராள மனசு தேவையில்லை. கூடப் போய் வரிசையில் நிற்க ஒரு அரைநாள் போதும். அதைத்தான் யாரும் தருவதில்லை.

வாடகை வீட்டுக்காரம்மாவிடம் நான் மறைக்கவில்லை. "அக்கா, ஜெயில்ல இருந்து வந்தவரு. என்ன நடந்தாலும் என்னைக் கேளுங்க" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "குடிப்பாரா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். பத்தாயிரம் அட்வான்ஸ்.

சித்திரைத் திருவிழா நெருங்கினால் ஸ்டேஷனில் இருந்து கூப்பிடுவார்கள். நானும் கூடவே போவேன். கூட ஒரு ஆள் இருந்தால் அங்கே பேச்சே வேறு மாதிரி. ரவுடிப் பட்டியலில் பெயர் தொங்கிக்கொண்டே இருப்பவர்கள் அதை நீக்கச் சொல்லி ஐகோர்ட் மதுரைக் கிளைக்குப் போகலாம். வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். ஒன்று சொல்ல வேண்டும். சில சாதிகளையே குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்திய வெள்ளைக்காரன் காலத்துக் கைரேகைச் சட்டத்தை எதிர்த்து, 1920-ல் பெருங்காமநல்லூரில் ஜனங்கள் குண்டடி பட்டுச் செத்த ஜில்லா இது. அந்தச் சட்டத்தால் ராத்திரியானால் கச்சேரியில், அதாவது போலீஸ் ஸ்டேஷனில், போய்ப் படுத்த பூட்டன்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களே "ஜெயிலுக்குப் போனவன்" என்று ஒதுங்குவதுதான் எனக்குப் புரியவில்லை.

எல்லாரும் இவர் மாதிரி என்று சொல்ல மாட்டேன். இன்னொருவருக்கு ஐயாயிரம் முன்பணம் கொடுத்தேன், மறுநாள் ஆளைக் காணோம். ஜெயில் வாசலையே மிதிக்காதவர்களும் அதை எனக்குச் செய்திருக்கிறார்கள்.

ஊர்க்காரர்களின் பங்கு விடுதலைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சில நாள் வீட்டுக்கு வந்துபோக கைதி லீவுக்கு மனுப் போட்டால் நன்னடத்தை அலுவலர் வீட்டுப் பக்கம் வந்து விசாரிப்பார். அப்போது அக்கம்பக்கம் சொல்லும் வார்த்தைக்கு எடை உண்டு. அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டச் சொல்லவில்லை, கொலையில் செத்தவர் வீடும் அதே ஊரில்தானே இருக்கிறது.

அண்ணனுக்கு ஊர் வாடிப்பட்டி பக்கம். வெளியே வந்த பிறகும் அங்கே போகவில்லை. போன ஆடியில் அவருடைய அம்மா தவறியபோது, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர், அண்ணனின் வழக்கில் செத்தவரின் தம்பி வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். அந்தத் தம்பி ரொம்ப நேரம் வாயே திறக்கவில்லையாம். கடைசியில், "கொள்ளி வைக்கட்டும். ராத்தங்க வேண்டாம்" என்றாராம். அப்படியே செய்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் மதுரை வந்துவிட்டார். பத்து நாள் வர வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தேன். மறுநாள் எட்டரைக்கு ஷட்டரைத் தூக்கப் போனால், மொட்டைத் தலையோடு வாசலில் நின்றார். திருநகர் கேட் இன்னும் பாக்கி இருக்கே என்றார்.