நர்சரி ஜூனிபரைப் போன்சாய் ஆக்குவது: வாசகர் கேள்விகள்

கேள்வி: நர்சரியில் மலிவாகக் கிடைத்த ஒரு ஜூனிபர் செடி வாங்கி வந்திருக்கிறேன். பந்து மாதிரி புதராக இருக்கிறது. ஒரே நாளில் வெட்டி, கம்பி சுற்றி, போன்சாய்த் தட்டுக்கும் மாற்றிவிடலாமா?

பதில்: வெட்டுங்கள், கம்பியும் சுற்றுங்கள், தட்டு ஆசையை மட்டும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடுங்கள். போன்சாய் என்ற ஜப்பானியச் சொல்லுக்கே ‘தட்டில் நட்டது’ என்றுதான் அர்த்தம், அதனால் எல்லாருக்கும் முதலில் அந்த ஆசைதான் வருகிறது. ஆனால் ஒரே நாளில் இலையையும் வேரையும் சேர்த்துக் குறைத்தால் ஜூனிபர் போன்ற ஊசியிலைச் செடி பெரும்பாலும் தாங்காது. போதாக்குறைக்கு ஜூனிபர் செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே நிற்கும். என் முதல் செடி போய்ச் சேர்ந்தது தெரியாமல் ஒரு மாதம் போல அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கத்தரியை எடுக்கும் முன் ஒரு குச்சியால் மேல்மண்ணை மெல்லக் கிளறி ஒதுக்குங்கள். நர்சரிச் செடிகளில் பல ஆழமாக நடப்பட்டிருக்கும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே போனால்தான் அடித்தண்டு பருத்து வேர்கள் நாலா பக்கமும் விரியும் இடம் கண்ணில் படும். அந்த அடிப்பகுதி எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அழகோ அதுதான் முன்பக்கம். அப்புறம் உள்ளே காய்ந்து கிடக்கும் இலைகளையும் நோஞ்சான் குச்சிகளையும் நீக்கி, தண்டு எப்படி வளைந்து போகிறது என்று தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். சும்மா சுற்றிச் சுற்றிப் பாருங்கள், அவசரமே இல்லை, வெட்டிய கிளையை ஒட்ட முடியாது.

ஒரே இடத்தில் மூன்று நான்கு கிளைகள் கிளம்பினால் ஒன்றோ இரண்டோ போதும், இல்லாவிட்டால் அந்த இடம் முடிச்சுப் போலப் பருத்துவிடும். வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு கிளையிலும் கொஞ்சமாவது பச்சை இருக்கட்டும், ஏனென்றால் மொட்டையாக்கிய ஜூனிபர் கிளை மறுபடி துளிர்ப்பது அபூர்வம். முதல் தடவை மொத்தப் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வேண்டாத தடித்த கிளை இருந்தால் அடியோடு அறுக்காமல் கொஞ்சம் நீளம் விட்டுப் பட்டையை உரித்துவிடுங்கள், நாளடைவில் வெளுத்துப் பல வருஷத்து மரம் போலக் காட்டும். இதை ‘ஜின்’ என்பார்கள். ஒரு செடிக்கு ஒன்றிரண்டு போதும், அதற்கு மேல் போனால் எலும்புக்கூடு மாதிரி ஆகிவிடும்.

கிளையை வளைத்து நிறுத்தச் சுற்றும் அலுமினியக் கம்பி, கிளையின் தடிமனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சரி. 45 டிகிரி சாய்வில் சுற்றி, வளைக்கும் இடத்தில் கட்டைவிரலை முட்டுக் கொடுத்து வளையுங்கள். கம்பி பட்டையில் பதிய ஆரம்பித்தால் உடனே எடுத்துவிட வேண்டும், அதுவும் சுற்றைப் பிரிக்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள், பிரிக்கும்போதுதான் கிளை ஒடிகிறது.

கேள்வி: வரவேற்பறை மேசையில் வைத்து வளர்க்கலாமா?

பதில்: கூடாது. ஜூனிபர் வெளியே வாழும் மரம். வெயிலும் காற்றும் குளிர்காலத்து ஓய்வும் அதற்கு வேண்டும். விருந்தாளி வந்தால் ஒரு நாள் உள்ளே கொண்டுவந்து காட்டிவிட்டுத் திருப்பி வைத்துவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் தட்டுக்கு எப்போது மாற்றுவது?

பதில்: கிளை நுனிகளில் புது வளர்ச்சி நன்றாக வந்திருந்தால், அடுத்த வசந்தத்தின் தொடக்கத்தில், துளிர் ஓடும் முன். பழைய மண்ணை முழுக்கக் கழுவி வேரை அம்மணமாக்க வேண்டாம். பாதி அளவு நீக்கிவிட்டு மீதியை அடுத்த தடவைக்கு வையுங்கள். கலவை தண்ணீரைத் தேக்காத குருணையாக இருக்கட்டும், எரிமலைக்கல் துகளோ பியூமிஸ் என்ற நுரைக்கல்லோ எதுவானாலும் தூளைச் சலித்துக் கொட்டிவிடுங்கள். நட்டதும் செடி ஆடாமல் தட்டின் ஓட்டை வழியாகக் கம்பி கொடுத்துக் கட்டுங்கள், ஆடினால் புது சல்லிவேர்கள் அறுந்துபோகும். புது வளர்ச்சி தெரியும்வரை உரம் வேண்டாம்.