கைக்கடக்கமான திறமூல இ-ரீடர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நான்கு அங்குலத் திரையுள்ள திறமூல இ-ரீடர் வாங்க ஆசை. பெரிய கருவிகளில் இல்லாத எது இதில் இருக்கிறது?

பதில்: சட்டைப் பையில் அடங்கும். கணக்குத் தொடங்கச் சொல்லாது, விளம்பரம் காட்டாது. மின்மைத் (இ-இங்க்) திரைக்குப் பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் தேவை என்பதால் சின்ன பேட்டரியே நாள்கணக்கில் தாங்கும். இவற்றையெல்லாம் விடப் பெரிது, கருவியை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரின் மூலநிரல் எல்லோர் கையிலும் இருப்பது. ஓர அளவு, பொத்தானின் வேலை என்று பிடிக்காததை மாற்றிக்கொள்ளலாம். தயாரித்தவர் கைவிட்டாலும் கருவி சாகாது. ஆனால் பல மாடல்களில் முன்விளக்கும் தொடுதிரையும் கிடையாது. டிஆர்எம் என்ற நகல் தடுப்புப் பூட்டுள்ள நூல் திறக்காது. ஏ4 பிடிஎஃப் படிக்கத்தான் என்றால் வாங்க வேண்டாம்.

கேள்வி: வாங்கிவிட்டேன். ஆங்கில நூல் அழகாகத் தெரிகிறது. தமிழில் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கின்றன. ஃபான்ட் மாற்றியும் சரியாகவில்லை. ஏன்?

பதில்: குறை ஃபான்டில் இல்லை. ‘மே’ என்ற எழுத்து கோப்பில் ‘ம’ முதலிலும் கொம்பு பின்னாலுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்து வடிவமைப்பு நிரலின் வேலை. அது இல்லாத ஃபர்ம்வேர் சேமித்த வரிசையிலேயே வரையும். ‘மேகம்’ என்பது ‘மகேம்’ ஆகிவிடும். ‘கு’, ‘ரு’ போன்றவற்றுக்கு ஃபான்டுக்குள் தனி வடிவங்கள் உண்டு. அவற்றைத் தேர்ந்தெடுக்க ஆளில்லாததால் உகரக் குறி தனியே தொங்கும்.

இந்த நிரலைச் சேர்க்காததற்கு நினைவகமும் ஒரு காரணம். இவ்வகைக் கருவிகள் சிலவற்றில் உள்ள இஎஸ்பி32-சி3 சிப்பின் ரேம் மொத்தமே 400 கேபி. 800×480 திரையின் கறுப்பு-வெள்ளைப் படத்துக்கே அதில் 48 கேபி போய்விடும். இபப் என்ற மின்னூல் வடிவம் உண்மையில் சுருக்கிக் கட்டிய ஜிப் கோப்பு. அதை விரிக்க இன்னொரு 32 கேபி. லினக்ஸில் ஓடும் கருவிகளில் கோரீடர் என்ற வாசிப்புச் செயலியைப் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அதில் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நிரல் இருக்கிறது. நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஃபான்டைச் சேர்த்து, கெர்னிங் (எழுத்து இடைவெளி) அமைப்பை ‘பெஸ்ட்’ என்று வைத்தால் போதும்.

உங்கள் கருவிக்கு ஒரு வழி உண்டு. நூலைக் கணினியிலேயே பக்கம் பக்கமாகப் படமாக்கி மெமரி கார்டில் போடுங்கள். ஒரு பக்கம் 48 கேபி என்றால் 1,000 பக்கம் 48 எம்பி; கார்டுக்கு இது பாரமே இல்லை. எழுத்தளவை மட்டும் பிறகு மாற்ற முடியாது, முதலிலேயே சற்றுப் பெரிதாக வையுங்கள். இனி வாங்குபவர்கள் ‘கொ, கௌ, கு, ஸ்ரீ’ என்று ஒரு வரி எழுதிய கோப்பைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டு வாங்குங்கள். தமிழ் படிக்க வாங்குபவருக்கு இதைவிட முக்கியமான சோதனை வேறில்லை.

கேள்வி: ஃபர்ம்வேர் மாற்றினால் கருவி வீணாகுமா?

பதில்: பழையதைப் பிரதி எடுத்து வைத்திருந்தால் பயமில்லை. இஎஸ்பி சிப் என்றால் எஸ்பிடூல் என்ற கணினி மென்பொருள் கொண்டு ஃபிளாஷ் நினைவகம் முழுவதையும் (16 எம்பி ஃபிளாஷ் என்றால் 16 எம்பியும்) படித்துச் சேமித்த பிறகே புதியதை எழுதுங்கள். கணினி கருவியைக் காணவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் தரவு போகாது. புதிய ஃபர்ம்வேர் கார்டைப் படிக்கவில்லையா? ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து பாருங்கள்.

கேள்வி: முந்தைய பக்கத்தின் நிழல் அடுத்த பக்கத்தில் தெரிகிறதே, திரை போய்விட்டதா?

பதில்: இல்லை. வேகத்துக்காகப் பகுதிப் புதுப்பிப்பு செய்யும்போது பழைய மை முழுக்க விலகாது. ஐந்தாறு பக்கத்துக்கு ஒருமுறை முழுப் புதுப்பிப்பு வரும்படி அமையுங்கள். திரை ஒருமுறை கறுத்து வெளுத்து நிழல் போய்விடும்.