பார்ட்னர் ஓவர்கால் சொல்லிவிட்டார், இப்போது நான் என்ன சொல்ல?

பிரிட்ஜ் ஏலத்தில் பார்ட்னரின் ஓவர்காலுக்கு, அதாவது எதிரணி தொடங்கிய பிறகு அவர் சொல்லும் ஏலத்துக்கு, பதில் சொல்வது பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து எழுதுகிறேன். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் ஏலம் இதுதான்: எதிரணி 1 டைமண்டில் தொடங்குகிறது, பார்ட்னர் 1 ஸ்பேடு, அடுத்தவர் பாஸ், இனி நம் முறை.

கேள்வி: என் கையில் ஸ்பேடு கிங் 7 4, ஹார்ட் ஏஸ் 9 6 3, டைமண்ட் 8 2, கிளப் ஜாக் 8 5 3. ஸ்பேடு மூன்றுதானே என்று பாஸ் சொன்னேன். சரியா?

இல்லை, 2 ஸ்பேடு சொல்லுங்கள். பார்ட்னர் 1 ஸ்பேடில் தொடங்கியிருந்தால் மூன்று சீட்டோடு ஏற்றியிருப்பீர்கள் (அவர் சொன்ன சூட்டையே, அதாவது சீட்டு இனத்தையே, உயர்த்திச் சொல்வது), இல்லையா? ஓவர்காலுக்கும் குறைந்தது ஐந்து சீட்டு உண்டு. ஐந்தும் மூன்றும் எட்டு; அது போதும். புள்ளி (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1) 6 முதல் 9 வரை இருந்து மூன்று சீட்டும் இருந்தால் யோசிக்காமல் ஏற்றலாம். நீங்கள் பாஸ் சொன்னால் தொடங்கியவர் நிம்மதியாக 2 கிளப் சொல்லி இன்னொரு சூட்டையும் காட்டிவிடுவார். அந்த இடத்தை அவருக்கு ஏன் இலவசமாகக் கொடுக்க வேண்டும்?

கேள்வி: அதே மூன்று சீட்டு, ஆனால் 12 புள்ளி. 3 ஸ்பேடா, நேராக 4 ஸ்பேடா?

இரண்டும் இல்லை. 2 டைமண்ட், அதாவது எதிரணியின் சூட்டையே சொல்ல வேண்டும். இதுதான் க்யூ பிட். "உன் சூட்டுக்கு மூன்று சீட்டாவது இருக்கிறது, புள்ளியும் 10க்குக் குறையாது" என்பது பொருள். டைமண்ட் இருக்கிறது என்பது பொருளே அல்ல.

இந்தச் சுற்றுவழி எதற்கு? ஒன்றாம் லெவல் ஓவர்கால் (1 என்றால் ஏழு டிரிக், அதாவது ஏழு பிடி, எடுப்பேன் என்பது; 2 என்றால் எட்டு) சுமார் 8 புள்ளியிலிருந்து 16 வரை நீளும். நீங்கள் 4 ஸ்பேடுக்குத் தாவி, பார்ட்னரிடம் 9தான் இருந்தால் டவுன், அதாவது சொன்ன டிரிக் வராது. பயந்து 2 ஸ்பேடில் நின்று, அவரிடம் 15 இருந்தால் கேம் (4 ஸ்பேடுக்குக் கிடைக்கும் போனஸ்) போச்சு. க்யூ பிட் அவரைப் பேச வைக்கிறது. அவர் 2 ஸ்பேடுக்குத் திரும்பினால் கை மெலிந்தது. உங்கள் 12ஐ வைத்துக்கொண்டு பாஸ் சொல்லலாம். வேறு எதையாவது சொன்னால் தெம்பான கை.

ஒரு எச்சரிக்கை. பழகாத பார்ட்னரோடு ஆடுகிறீர்கள் என்றால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை என் 2 டைமண்டை எதிரே இருந்தவர் சாவகாசமாகப் பாஸ் செய்தார். எங்கள் இருவரிடமும் சேர்த்து நாலே டைமண்ட், எதிரணியிடம் ஒன்பது. டபுள் (டவுன் ஆனால் அபராதத்தைக் கூட்டும் ஏலம்) கூட யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கேள்வி: அப்படியானால் 3 ஸ்பேடு தாவல் எதற்கு?

சீட்டு நிறைய, புள்ளி குறைவு என்ற கைக்கு. நாலு ஸ்பேடும், ஒற்றைச் சீட்டு சூட் ஒன்றும், 4 அல்லது 5 புள்ளியும் இருந்தால் 3 ஸ்பேடு. ஐந்தும் நாலும் ஒன்பது துருப்பு, அதனால் ஒன்பது டிரிக் லெவல் வரை போகலாம் என்பது கணக்கு. பிரெஞ்சுக்காரரான ஜான் ரெனே வெர்ன் 1960களில் முன்வைத்த மொத்த டிரிக் விதியின் சாரம் இது. வல்னரபிள் (அபராதமும் போனஸும் கூடும் நிலை) இல்லாமல் டபுளில் இரண்டு டவுன் ஆனாலும் 300தான் போகும். எதிரணி 4 ஹார்ட் ஆடி ஜெயித்தால் அவர்களுக்கு 420. நாம் வல்னரபிள் என்றால் அதே இரண்டு டவுன் 500. அப்போது கையைக் கொஞ்சம் அடக்கி ஆடுங்கள்.

கேள்வி: ஸ்பேடு ஒன்றே ஒன்று, ஹார்ட் ஆறு, மொத்தம் 5 புள்ளி. பார்ட்னரைக் காப்பாற்ற வேண்டாமா?

யாரிடமிருந்து? இன்னும் யாரும் டபுள் சொல்லவில்லையே. பாஸ். இங்கே 2 ஹார்ட் என்பது ஐந்து, ஆறு நல்ல சீட்டும் 9 புள்ளிக்கு மேலும் உள்ள கை சொல்வது. அதற்குப் பார்ட்னர் கட்டாயம் பதில் சொல்ல வேண்டுமா என்பதில் ஆளுக்கொரு வழக்கம். கட்டாயமில்லை என்று ஆடுவதே எனக்குப் பிடிக்கும். எதுவானாலும் சீட்டைப் போடுமுன் பேசிவிடுங்கள்.

கேள்வி: 1 நோட்ரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) பதிலுக்கு 6 புள்ளி போதுமா?

போதாது. ஏலத்தைத் தொடங்கியவரிடம் 12 இருக்கும் என்று நம்பித்தான் அங்கே 6க்குப் பதில் சொல்கிறோம். ஓவர்கால் செய்தவரிடம் 8 மட்டும் இருக்கலாம். அதனால் 9 முதல் 12 வரை, டைமண்டில் ஸ்டாப்பர் (எதிரணி அந்தச் சூட்டில் தொடர்ந்து டிரிக் எடுப்பதைத் தடுக்கும் சீட்டு) கட்டாயம். ஸ்பேடு மூன்று இருந்தால் நோட்ரம்பை மறந்துவிட்டு ஏற்றுங்கள்.

கேள்வி: அடுத்தவர் பாஸ் சொல்லாமல் 2 டைமண்ட் என்று ஏற்றிவிட்டால், என் டபுள் தண்டனையா?

பெரும்பாலோர் அப்படி ஆடுவதில்லை. சொல்லப்படாத இரண்டு சூட்டும், இங்கே ஹார்ட்டும் கிளப்பும், என்னிடம் இருக்கின்றன என்பதே அந்த டபுள். ரெஸ்பான்சிவ் டபுள் என்பார்கள். க்யூ பிட் இப்போது 3 டைமண்ட் ஆகிவிடும். அது 3 ஸ்பேடு வரை இழுத்துக்கொண்டு போகும் என்பதால், 10 புள்ளிக் கை சப்பென்று இருந்தால் 2 ஸ்பேடோடு நிறுத்திக்கொள்வேன்.

கேள்வி: எதிரணி 1 ஸ்பேடு, பார்ட்னர் 2 கிளப். எனக்குக் கிளப் இரண்டே.

இரண்டு லெவல் ஓவர்கால் என்றால் கை கனமானது, பெரும்பாலும் ஆறு சீட்டு. ஸ்பேடில் ஸ்டாப்பரும் 11 புள்ளியும் இருந்தால் 2 நோட்ரம்ப் சொல்லலாம். ஸ்டாப்பர் இல்லாமல் 8 புள்ளிதான் என்றால் பாஸ். 2 கிளப் நன்றாகவே ஆடும்.