கட்டியவர் போன பிறகு: அணுமின் கேள்வி-பதில்

கூடங்குளம் பற்றிச் சென்ற முறை நான் எழுதிய நாலு வரிக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பாதிக் கடிதங்களில் கேள்வியே இல்லை, தீர்ப்பு மட்டும்தான் இருக்கிறது. அவற்றை ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்கு வருகிறேன். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள் என்று எத்தனை முறை சொல்வது?

கூடலூர் வாசகர்: கூடங்குளத்தை ரஷ்யர்கள்தானே நடத்துகிறார்கள்? நாளைக்கு அவர்களுக்கு நம்மோடு மனக்கசப்பு வந்தால் சுவிட்சை அணைத்துவிட மாட்டார்களா?

மாட்டார்கள், ஏனென்றால் சுவிட்ச் அவர்களிடம் இல்லை. நிலையத்துக்குச் சொந்தக்காரர், அதை இயக்குபவர் இரண்டுமே இந்திய அணுமின் கழகம்தான். ரஷ்யா தந்தவை வடிவமைப்பு, உலைக்கலன், டர்பைன் முதலிய பெரிய இயந்திரங்கள், எரிபொருள். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள், முறையாகத் தேர்வு எழுதி உரிமம் பெற்றவர்கள். பயப்படுவதாக இருந்தால் எரிபொருளுக்குப் பயப்படுங்கள். அதைக் கீழே மஞ்சூர்க் கடிதத்தில் பேசியிருக்கிறேன்.

குன்னூர் வாசகி: ஒரு கூடங்குளம் உலை நாளொன்றுக்கு 1000 மெகாவாட் யூனிட் தருகிறதாமே? இது ஒரு மாவட்டத்துக்கே காணாதே?

அம்மா, "மெகாவாட் யூனிட்" என்று ஒன்று உலகத்தில் கிடையாது. மெகாவாட் என்பது பஸ் போகும் வேகம், யூனிட் என்பது பஸ் கடந்த தூரம். 1000 மெகாவாட் உலை முழு வீச்சில் ஒரு நாள் ஓடினால் 2.4 கோடி யூனிட். அதில் ஏறத்தாழப் பாதி தமிழ்நாட்டுக்கு. இந்தப் பத்தியைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவையுங்கள், அடுத்த மாதம் இதே கேள்வி வரக் கூடாது.

மஞ்சூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: நம் நீலகிரியின் குந்தா நீர்மின் திட்டத்துக்குக் கனடா உதவியது. என் தகப்பனார் அத்திட்டத்தின் கெத்தை மின்நிலையத்தில் கனடாக்காரர்களோடு வேலை பார்த்தவர், அவர்களைப் பற்றி நல்லதைத் தவிர வேறு சொன்னதில்லை. அதே கனடா ராஜஸ்தான் அணுமின் நிலையத்தைப் பாதியில் விட்டுப் போனது ஏன்? வாக்குத் தவறியவர்கள் நாம்தானே?

ஐயா, உங்கள் தகப்பனார் சொன்னது சரி. காமன்வெல்த் நாடுகள் ஆசிய நாடுகளுக்கு உதவ வகுத்த கொழும்புத் திட்டத்தின் கீழ் 1950களில் கனடா செய்த உதவிதான் குந்தாவின் முதல் மின்நிலையங்கள். கேள்வியின் இரண்டாம் பாதியில்தான் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மேல் அல்ல, இந்தக் கதையை எப்போதும் பாதியிலேயே நிறுத்துகிறவர்கள் மேல்.

நடந்தது இது. மும்பையின் டிராம்பேயில் சைரஸ் ஆராய்ச்சி உலையைக் கனடா கட்டித் தந்தது, 1960இல் அது இயங்கத் தொடங்கியது. அமைதிப் பணிக்கு மட்டும் என்பது ஏற்பாடு. 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்த சாதனத்தின் புளூட்டோனியம் அந்த உலையிலிருந்து வந்தது. "அமைதி நோக்கில் வெடிப்பு" என்றது டெல்லி, அப்படி ஒன்று இருக்க முடியாது என்றது கனடாவின் தலைநகர் ஒட்டாவா. ஒப்பந்த வாசகம் இரண்டு பேருக்கும் இடம் கொடுக்கிற அளவுக்குத் தளர்வாக இருந்தது. அதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: திறப்பு விழாப் படத்தைப் பார்க்காதீர்கள், ஒப்பந்தத்தைப் படியுங்கள். கனடாவின் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நானும் சொல்வேன். ஆனால் அதற்குப் பின்னால் நடந்தது யாருக்குத் தெரியும்?

கோட்டாவுக்குப் பக்கத்தில் ராவத்பாட்டாவில் முதல் உலை 1973இல் வணிக உற்பத்திக்கு வந்துவிட்டது. இரண்டாவது அரைகுறையாக நின்றது. கனடா கையை விட்டதும் மிச்ச வேலையை நம் பொறியாளர்களே முடித்து 1981இல் ஓட்டினார்கள். அதே காலத்தில் கல்பாக்கத்தில் வெளிநாட்டு ஒப்பந்தக்காரர் எவரும் இல்லாமல் இரண்டு உலைகள் எழுந்தன; முதலாவது 1983 ஜூலையில் உயிர்பெற்றது. இந்த வகை உலையில் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க வேண்டிய கனநீருக்குத் தவம் கிடந்த ஆண்டுகள் அவை.

இன்னொன்றும் உண்டு. கனடாவின் வடிவமைப்போடு அதன் கோளாறுகளும் நமக்கு வந்து சேர்ந்தன. ராஜஸ்தான் முதல் உலையின் எண்ட் ஷீல்டு, அதாவது உலைக்கலனின் முனையில் கதிர்வீச்சைத் தடுக்கும் கவசம், நியூட்ரான் பட்டுப் பட்டு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிற எஃகால் ஆனது. 1980களின் தொடக்கத்தில் விரிசல் விட்டது. மனிதன் நெருங்க முடியாத இடத்தில் கசிவு. அதை அடைத்து, திறனைக் குறைத்து ஓட்டினார்கள். கல்பாக்கத்தில் உலைக்குள் கனநீர் நுழையும் மேனிபோல்டு என்ற குழாய் அமைப்பு பிய்ந்துபோய், 220 மெகாவாட் உலைகள் பல ஆண்டுகள் 170இலேயே நொண்டின. கேட்டு எழுத ஒட்டாவாவில் ஆள் இல்லை. நாமே கேமராவை உள்ளே விட்டுப் பார்த்து, நாமே மாற்று வழி கண்டு, கடைசியில் பழைய திறனுக்குக் கொண்டுவந்தோம். பின்னால் வந்த உலைகளில் எண்ட் ஷீல்டு துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியது. இந்த அடிகளை வாங்கிய அனுபவத்தில்தான் தாராப்பூரில் 540 மெகாவாட்டும், காக்ராபாரில் 700 மெகாவாட்டும் நம் வரைபடத்திலேயே வந்தன. இவ்வளவுக்குப் பிறகும் யாராவது "இந்தியாவில் அணுஉலை என்றாலே வெளிநாட்டுச் சரக்கு" என்று மேடையில் பேசினால், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுகிறேன்.

சரி, குந்தாவுக்கு ஏன் அந்தக் கதி வரவில்லை? கெத்தைக்கு எரிபொருள் மேல்பவானியில் பெய்கிற தென்மேற்குப் பருவமழை. அதை எந்த நாடாளுமன்றமும் தடை செய்ய முடியாது. தேய்ந்த உதிரிபாகத்தைக் கோயம்புத்தூரில் வார்த்துக்கொள்ளலாம். ராஜஸ்தானும் பிழைத்தது, காரணம் அதற்கு வேண்டியது இயற்கை யுரேனியம். அது ஜாதுகுடாவில் நம் மண்ணிலேயே கிடைத்தது. அமெரிக்கர்கள் கட்டி 1969இல் ஓடத் தொடங்கிய தாராப்பூரைப் பாருங்கள். அதற்குச் செறிவூட்டிய யுரேனியம் வேண்டும், அதாவது எளிதில் பிளவுபடும் பகுதியைக் கூட்டிய யுரேனியம். 1978இல் அமெரிக்கா புதுச் சட்டம் போட்டுக் கதவை மூடியது. பிறகு பிரான்ஸ், அப்புறம் சீனா, அப்புறம் ரஷ்யா என்று வீடு வீடாகப் போய் நிற்க வேண்டியிருந்தது. உலை நன்றாகத்தான் கட்டப்பட்டிருந்தது, அது வேறு விஷயம். யார் கட்டினார்கள் என்று கேட்பதைவிட எரிபொருள் யார் கையில் என்று கேளுங்கள்.

முத்தொரை பாலாடா, கேரட் விவசாயி: எங்கள் ஊர் மலைச்சரிவில் இருக்கும் பெரிய கருவியும் அணுசக்தித் துறையைச் சேர்ந்ததாமே? வெள்ளைக்காரர் கட்டியதா? கதிர்வீச்சு பயிரைத் தாக்குமா?

அது வானொலித் தொலைநோக்கி. வானத்திலிருந்து வருவதை வாங்கும், எதையும் வெளியே விடாது. டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் ஆட்கள் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் கட்டி முடித்தது. நீளம் அரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். உங்கள் சரிவின் சாய்வு ஊட்டியின் அட்சரேகைக்குச் சமமாக, 11 பாகையாக அமைந்ததால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். அந்தக் கழகம் அணுசக்தித் துறையின் நிதியில் நடப்பதால் துறையின் பெயர் பலகையில் இருக்கிறது. கேரட்டைத் தாக்குவது உறைபனி.

ஊட்டி, கல்லூரி மாணவர்: வெளிநாடுகளில் பிரான்ஸ் ஒன்றுதான் நம்மைக் கைவிடாத நாடு என்கிறாரே எங்கள் பேராசிரியர்?

தாராப்பூருக்குச் சில காலம் எரிபொருள் தந்த வகையில் ஓரளவு உண்மை. ஆனால் கல்பாக்கத்தின் சோதனை வேக ஈனுலைக்கு (ஓடும்போதே புது எரிபொருளை உண்டாக்கும் வகை) வடிவமைப்பைத் தந்த பிரான்ஸ், 1974க்குப் பிறகு அதற்கான செறிவூட்டிய யுரேனியத்தைத் தரவில்லை. நம்மவர்கள் புளூட்டோனியம்-யுரேனியம் கார்பைடு எரிபொருளைத் தாங்களே செய்து 1985இல் உலையை இயக்கினார்கள். பேராசிரியரிடம் இதையும் சொல்லுங்கள், பணிவாக.

கொடைக்கானல் வாசகர்: மூஞ்சிக்கல்லில் பழைய இரும்புக் கடையில் பாதரசக் கண்ணாடிக் கழிவு குவிந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். வெளிநாட்டு உலையில் விபத்து நடந்தால் விற்றவர் பொறுப்பேற்பாரா?

நல்ல கேள்வி. உங்கள் ஊர் வெப்பமானித் தொழிற்சாலையின் இயந்திரங்கள் அமெரிக்காவில் ஒரு ஆலையை மூடிவிட்டு இங்கே அனுப்பப்பட்டவை. 2001இல் ஆலை மூடியது, 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேறித் திரும்பிப் போனது. திருப்பி அனுப்ப வைத்தது ஊர் மக்களின் கூச்சல்தான்.

அணுஉலை விஷயத்தில் உலக வழக்கம் விற்பவருக்குச் சாதகமானது: பொறுப்பு முழுவதும் உலையை இயக்குபவர் தலையில். ஃபுகுஷிமாவின் முதல் உலையைக் கட்டித் தந்தது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக். 2011க்குப் பிறகு பத்து லட்சம் கோடி யென்னுக்கு மேல் இழப்பீடு கொடுத்தது ஜப்பானிய மின் நிறுவனம், அதுவும் அரசு தூக்கி நிறுத்தியதால். இந்தியா 2010இல் கொண்டுவந்த சட்டம் இந்த வழக்கத்திலிருந்து விலகியது. போபாலின் நினைவு அப்போது பச்சையாக இருந்தது. அந்தச் சட்டப்படி (2025இல் அதற்குப் பதில் வேறு சட்டம் நிறைவேறியது) இயக்குபவரின் பொறுப்பு 1500 கோடி ரூபாய் வரை இருந்தது. பழுதான கருவி தந்தவரிடம் அதைத் திரும்பக் கேட்கும் உரிமையை 17ஆம் பிரிவு தந்தது. உடனே அமெரிக்க, பிரெஞ்சு விற்பனையாளர்கள் முகம் சுளித்தார்கள். கூடங்குளத்தின் முதல் இரு உலைகள் 1988 ஒப்பந்தத்தைச் சேர்ந்தவை, புதுச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்றது ரஷ்யா. தன் உலை பாதுகாப்பானது என்று சத்தியம் செய்கிற வியாபாரி, பொறுப்பு என்றதும் ஏன் எழுந்து போகிறார் என்று அப்போதே கேட்டேன், இப்போதும் கேட்கிறேன். 1500 கோடி என்பது ஒரு பெரிய மேம்பாலத்தின் விலை ஐயா. ஒப்பந்தத்தைப் படியுங்கள் என்று சொல்வது இதற்குத்தான்.

அரவங்காடு, முன்னாள் ஆலை ஊழியர்: வெளிநாட்டுக்காரரே பணம் போட்டு, கட்டி, ஓட்டி மின்சாரத்தை விற்கட்டும். நமக்கு ஏன் தலைவலி?

துருக்கி அதைத்தான் செய்திருக்கிறது. அக்குயூவில் நாலு உலைகள், 4800 மெகாவாட், ரஷ்யாவின் சொந்த நிலையம். பதிலுக்குத் துருக்கி முதல் 15 ஆண்டுகளுக்கு யூனிட்டுக்கு 12 அமெரிக்க சென்ட்டுக்கு மேல் கொடுத்து மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியை வாங்க வேண்டும். தலைவலி போகாது, மின்கட்டணமாக மாதாமாதம் வரும். நிலையான விலைக்குக் கட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டவர்களின் கதைக்குப் பின்லாந்தைப் பாருங்கள்: ஒல்கிலுவோட்டோவின் மூன்றாம் உலை 2009இல் முடிய வேண்டியது, முறையான உற்பத்திக்கு வந்தது 2023இல்.

பந்தலூர் வாசகர்: வங்கதேசத்தில் இந்தியாதான் அணுமின் நிலையம் கட்டுகிறது என்று செல்பேசியில் வந்த செய்தியை இணைத்திருக்கிறேன்.

கட்டுவது ரஷ்யா. ரூப்பூர், இரண்டு உலைகள், 2400 மெகாவாட், செலவில் ஏறத்தாழ 90 சதவீதம் ரஷ்யக் கடன். 2018 முத்தரப்பு உடன்பாட்டின்படி இந்தியாவின் பங்கு பயிற்சியும் சில துணை வேலைகளும். செல்பேசியில் வந்ததை எனக்கு அனுப்பாதீர்கள்.

கோத்தகிரி, பொறியியல் மாணவி: இந்தத் துறையில் சேர வெளிநாட்டில் படிக்க வேண்டுமா?

வேண்டாம் அம்மா. டிராம்பே பயிற்சிப் பள்ளி 1957 முதல் நடக்கிறது. இன்றைய உலைகளை ஓட்டுகிற பெரிய தலைகளில் பலர் அங்கே உருவானவர்கள். கேட் தேர்வுக்குப் படியுங்கள். வெல்டிங்கைக் கேவலமாக நினைக்காதீர்கள்.

பழனி வாசகர்: மகாராஷ்டிராவின் ஜெய்தாப்பூர் அணுமின் நிலையம் எப்போது முடியும்?

தொடங்கியதா என்று முதலில் கேளுங்கள். பிரெஞ்சு உலைகள் ஆறு, தலைக்கு 1650 மெகாவாட், உலகத்திலேயே பெரிய நிலையம் என்று 2010இல் கையெழுத்தான சட்டக ஒப்பந்தத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். விற்க வந்த நிறுவனமே நொடித்து, வேறொரு நிறுவனம் அந்த இடத்துக்கு வந்தாயிற்று. முதல் கான்கிரீட் ஊற்றிய செய்தி வந்தால் கத்தரித்து அனுப்புங்கள், முடியும் ஆண்டைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். புரிந்துணர்வு ஒப்பந்தச் செய்திகள் வேண்டாம், அவை என்னிடமே ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன.